சிக்கலியலும் முகாமைத்துவமும்: ஒரு மதிப்பீடு

பலர் கூடி ஒரு கருமத்தை முடிக்கத் தலைப்படும்போது அக்கூட்டத்துக்கெனத் தனியியல்பு ஒன்று தோன்றிவிடுகின்றது. கூடியோரின் இயல்புகளைத் தனித்தனியே எடுத்துக் கூட்டினால் அவ்வியல்பு கிடைப்பதில்லை. நல்லோர் பலர் பணிபுரியும் அலுவலகம் ஒன்று தீமை பயக்கும் செயல்களைச் செய்வதையும், சாதாரண திறமையுடையோர் கூடிய தொழிற்சாலை ஒன்று அரிய கருமங்களைச் சாதிப்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். இது எவ்வாறு நிகழ்கின்றது? இத்தகைய கூட்டத்தை நடத்தும் பொறுப்புடையோன் யாது செய்தல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை கூற முற்பட்ட கொள்கைகள் பல. அவற்றுள், இயற்கை அறிவியல்களின் மடியிற் பிறந்த சிக்கலியலை நிறுவனங்களின் முகாமைத்துவத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்னும் கொள்கை கடந்த சில பத்தாண்டுகளாகப் பெருஞ் செல்வாக்குப் பெற்று வருகின்றது. அக்கொள்கையில் ஏற்கத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இக்கொள்கை எதனை மறுத்து எழுந்தது என்பதை அறிதல் வேண்டும். அமெரிக்கப் பொறியியலாளரான பிரெடரிக் ரெயிலர் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அறிவியல்முறை முகாமைத்துவத்தின் தத்துவங்கள்’ என்னும் நூல் தொழிற்சாலையை ஒரு பொறியாகவே கண்டது. தொழிலாளி செய்யும் வேலையை அசைவு அசைவாகப் பிரித்து, ஒவ்வோர் அசைவுக்கும் வேண்டிய நேரத்தை அளந்து, மிகச் சிறந்த முறை ஒன்றை வகுத்து, அதனை அவன்மீது விதித்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் வார்ப்பிரும்பைச் சுமந்தவர்கள் தமது முறையால் 47 தொன் சுமந்தனர் என அவர் எழுதினார். அக்கதையின் விவரங்கள் பலவற்றைப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றுள்ளனர். எனினும் அதன் உட்கிடை தெளிவானது: சிந்திப்பவன் ஒருவன், செய்பவன் மற்றொருவன். பிரான்சிலே ஹென்றி பயோல் 1916 ஆம் ஆண்டில் முகாமையாளனின் தொழிலை எதிர்நோக்கித் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், இயைபுபடுத்தல், கட்டுப்படுத்தல் என ஐந்தாக வகுத்தார். அவ்வைந்தும் மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்வனவாகவே பெரிதும் விளங்கிக்கொள்ளப்பட்டன.

இவ்விருவரையும் இன்று இகழ்வது எளிது. ஆயின் அது நேர்மையன்று. பண்டங்கள் மலிந்தமைக்கும், முறையற்ற மேலாள்களின் தான்தோன்றித்தனம் ஓரளவு குறைந்தமைக்கும் இவர்தம் முறைகள் உதவின. குறை வேறிடத்தில் உள்ளது. நாளை நிகழவிருப்பது இன்று நிகழ்ந்ததைப் போன்றே இருக்கும் என்றும், வேலையைப் பற்றி அறியத்தக்கன யாவற்றையும் மேலிருப்போன் அறிந்துகொள்ளலாம் என்றும் இம்முறைகள் கருதின. இவ்விரு கருத்துக்களும் பொய்க்கும் இடங்களில் முறையும் பொய்த்தது.

இனி, சிக்கலியல் எனப்படுவது யாது? 1948 ஆம் ஆண்டில் வாரன் வீவர் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதிய கட்டுரையொன்று இதற்கு நல்ல வாயிலாகும். அறிவியல் எதிர்ப்படும் பிரச்சினைகளை அவர் மூவகைப்படுத்தினார். இரண்டு மூன்று மாறிகளைக் கொண்ட எளிய பிரச்சினைகள் ஒருவகை. பழைய பௌதிகம் இவற்றைத் தீர்த்தது. கோடிக்கணக்கான உறுப்புக்கள் ஒழுங்கின்றி இயங்கும் பிரச்சினைகள் இன்னொருவகை. கலமொன்றில் அடைபட்ட வாயுவின் மூலக்கூறுகள் இதற்கு உதாரணமாகும். இவற்றைச் சராசரி காணும் புள்ளிவிவர முறை தீர்த்தது. இவ்விரண்டுக்கும் இடையே, பல உறுப்புக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஓர் ஒழுங்கோடு இயங்கும் பிரச்சினைகள் உள. உயிருள்ள உடல், சந்தை, நகரம் என்பன இவ்வகையின. சூத்திரம் ஒன்றினால் அடக்குவதற்கு இவை மிகப் பெரியன. சராசரியால் அடக்குவதற்கு மிக ஒழுங்குடையன. அறிவியல் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கற்க வேண்டியது இவற்றையே என வீவர் கூறினார்.

அவர் கூறியவாறே நிகழ்ந்தது. வானிலையைக் கணித்துக்கொண்டிருந்த எட்வேட் லொறென்ஸ் 1961 ஆம் ஆண்டில் 0.506127 என்னும் எண்ணுக்குப் பதிலாக 0.506 என்பதைக் கணினிக்குக் கொடுத்தபோது, சிறிது காலத்துள் முற்றிலும் வேறான வானிலை விளைவதைக் கண்டார். அவரது ஆய்வு 1963 இல் வெளிவந்தது. விதிகள் முற்றாகத் தெரிந்திருந்தும் வருங்காலத்தை முற்றாகக் கணிக்க இயலாத தொகுதிகள் உண்டு என்பதை அது காட்டிற்று. 1984 இல் அமெரிக்காவின் சாந்தா பே நகரில் இத்தொகுதிகளை ஆராய்வதற்கெனவே ஒரு நிலையம் நிறுவப்பட்டது. 1987 இல் கிறெய்க் றெனோல்ட்ஸ் என்பார், அயலிலுள்ள பறவையோடு மோதாதே, அதன் வேகத்தை ஒத்துப் பற, கூட்டத்தின் நடுவை நாடு என்னும் மூன்று விதிகளை மட்டும் கணினிப் பறவைகளுக்கு விதித்தார். தலைமைப் பறவை எதுவும் இன்றியே அவை கூட்டமாகப் பறந்தன.

இவ்வாய்வுகள் தரும் பொதுவுண்மைகளைச் சுருக்கமாகக் கூறலாம். கடிகாரம் நுட்பமானது, ஆயின் அதனைக் கழற்றி உறுப்பு உறுப்பாக அறிந்து மீண்டும் பூட்டலாம். காலையிற் கூடும் மீன்சந்தையை அவ்வாறு கழற்றிப் பூட்ட இயலாது. அங்கு ஒருவர் சொல்லும் விலையைக் கேட்டு மற்றவர் தம் விலையை மாற்றுகின்றார். அம்மாற்றம் திரும்பி வந்து முதல்வரையும் மாற்றுகின்றது. சிறு காரணம் பெரு விளைவைத் தரலாம். பெரு முயற்சி விளைவின்றியும் ஒழியலாம். நேற்று நடந்தது இன்றைய நடத்தையிற் படிந்திருக்கும். முழுமையின் ஒழுங்கு உறுப்புக்களின் உறவிலிருந்து தானே தோன்றும். இத்தகையவற்றையே சிக்கற்றொகுதிகள் என்கிறோம். தானே தோன்றும் அவ்வொழுங்கைத் தன்னொழுங்கமைவு என்கிறோம்.

மனிதர் கூடிய நிறுவனமும் இத்தகைய தொகுதியன்றோ என்னும் எண்ணம் எழுந்தது இயல்பே. மாகரற் வீற்லி 1992 இல் வெளியிட்ட ‘தலைமையும் புதிய அறிவியலும்’ என்னும் நூலும், இங்கிலாந்தில் றால்ப் ஸ்ரேசி எழுதிய நூல்களும், ஷோனா பிறவுண், கத்லீன் ஐசன்ஹாட் ஆகிய இருவரும் 1998 இல் வெளியிட்ட ‘விளிம்பிற் போட்டியிடல்’ என்னும் நூலும் இவ்வெண்ணத்தைப் பரப்பின. நெடுங்காலத் திட்டங்களை நம்பற்க, கட்டுப்பாட்டைத் தளர்த்துக, சில எளிய விதிகளை மட்டும் வைத்துக்கொள்க, மனிதரை ஒருவரோடொருவர் பேசவிடுக, ஒழுங்கு தானே பிறக்கும்: இவ்வகை நூல்களினின்றும் முகாமையாளர் பலர் எடுத்துக்கொண்ட போதனை இதுவே. ஆணைகளால் நொந்துபோன அலுவலகங்களுக்கு இது நல்ல மழைபோல வந்தது. தொழிலாளியும் சிந்திப்பவன் என்பதை மீண்டும் நினைவூட்டியமைக்காக இவ்வெழுத்தாளருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் இப்போதனையை அப்படியே ஏற்பதற்கு மூன்று தடைகள் உள.

முதலாவது தடை, உவமையை விதியாகக் கொள்வதாகும். லொறென்சின் சமன்பாடுகளில் வரும் மாறிகள் அளக்கத்தக்கவை. அலுவலகமொன்றின் மாறிகள் யாவை? அவற்றை அளந்தவர் யார்? ‘குழப்பத்தின் விளிம்பு’ என்னும் தொடர் ஸ்ருவாட் கவுப்மன் முதலியோரின் ஆய்வுகளில் தெளிந்த பொருளுடையது. எரிதல், அணைதல் என்னும் இரு நிலைகளையே உடைய விளக்குகள் பலவற்றை ஒன்றோடொன்று தொடுத்தால், தொடுப்புக்கள் மிகக் குறைவாயின் வலை உறைந்துவிடும், மிகுந்தாற் குழம்பிவிடும், இடைப்பட்ட நிலையில் ஒழுங்கும் மாற்றமும் ஒருங்கே நிலவும். இஃது எண்ணிக் கணக்கிட்டுக் காணத்தக்க முடிவு. இதே தொடரை வணிக நிறுவனம் ஒன்றின்மீது ஏற்றும்போது தொடுப்பு எது, எத்தனை, விளிம்பு எங்குளது என்பன ஒன்றும் கூறப்படுவதில்லை. வெற்றி பெற்ற நிறுவனத்தை விளிம்பில் நின்றது எனவும், தோற்றதை விளிம்பினின்றும் வீழ்ந்தது எனவும் பின்னர்க் கூறுவதே எஞ்சுகிறது. நிகழ்ந்தபின் எதற்கும் பொருந்தும் விளக்கம் எதனையும் விளக்குவதில்லை.

மேலும், பறவைக்கும் மனிதனுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. றெனோல்ட்சின் பறவைக்குத் தன்னை ஆளும் விதி யாதென்பது தெரியாது. மனிதனோ விதியை அறிவான். அதனை இட்டவனின் நோக்கத்தையும் ஊகிப்பான். தனக்கு நன்மை வருமாறு அதனை வளைப்பான். அநீதியானது என்று கண்டால் எதிர்த்தும் நிற்பான். மனிதரைப் பொறியின் பற்சில்லாகக் கண்டது ரெயிலரின் குறையாயின், மனிதரைக் கூட்டத்துப் பறவையாகக் காண்பதும் அதே குறையின் மற்றொரு வடிவமே. இதனை முதலில் உணர்ந்தவர்களுள் ஸ்ரேசியும் ஒருவர் என்பது அவரது நேர்மைக்குச் சான்றாகும். உறுதிப்பாட்டையும் உடன்பாட்டையும் இரு அச்சுக்களாகக் கொண்டு அவர் வரைந்த படம் உலகெங்கும் பயிற்சி வகுப்புக்களிற் பரவிற்று. அவரோ அதனைத் தம் பாடநூலின் பிற்பதிப்புக்களினின்றும் நீக்கினார். நிறுவனம் என்பது மனிதர் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவாடலே என்றும், அதற்கு வெளியே நின்று அதனை இயக்கவல்ல முகாமையாளன் எவனும் இலன் என்றும் அவர் பின்னர் வாதித்தார். 2021 இல் மறைந்த அவ்வறிஞரின் பின்னைய நூல்களைக் காட்டிலும் அவர் கைவிட்ட படமே இன்றும் பெருவழக்கில் உள்ளமை இத்துறையின் நிலைமையைக் காட்டுகிறது.

இரண்டாவது தடை, தானே தோன்றும் ஒழுங்கு நல்லொழுங்காகவே இருக்கும் என்னும் நம்பிக்கை. வங்கியொன்று முறியப்போகிறது என்னும் வதந்தியைக் கேட்டு வைப்பாளர் திரளுவதும் தன்னொழுங்கமைவே. மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ஜே பொறெஸ்ரர் என்பாரும் அவர்தம் குழுவினரும் மாணவர்க்கு அமைத்த விளையாட்டு ஒன்று இதனை நன்கு விளக்கும். மதுவகை ஒன்றைச் சில்லறைக் கடைக்காரர், மொத்த வணிகர், விநியோகிப்போர், வடிசாலையினர் என நால்வர் வழங்குகின்றனர். ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரிடமிருந்து வரும் கட்டளையை மட்டுமே காண்பர். அனுப்பிய பண்டம் வந்துசேரச் சில வாரங்கள் செல்லும். நுகர்வோர் வாரந்தோறும் வாங்கும் பெட்டிகள் நான்கிலிருந்து எட்டாக ஒருமுறை உயர்ந்து, பின்னர் மாறாது நிற்கும். இவ்வளவே மாற்றம். ஆயினும் கட்டளைகள் மேலே செல்லச் செல்லப் பேரலையாக எழுந்து வீழ்கின்றன. முதலிற் பண்டத் தட்டுப்பாடு, பின்னர்த் தேக்கம். ஆட்ட முடிவிலே ஒவ்வொருவரும் மற்றவரையோ நுகர்வோரையோ குறை கூறுவர். விளையாடுவோர் மாறினும் அலை மாறுவதில்லை. அவ்வலை எவருடைய தீய எண்ணத்திலும் பிறந்ததன்று. காலத் தாழ்வும் காணாமையும் சேர்ந்த அமைப்பினின்றும் பிறந்தது. இவ்வமைப்பை வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டை மட்டும் தளர்த்தினால் அலை அடங்காது.

மூன்றாவது தடையே மிகக் கடுமையானது. அது பொறுப்புப் பற்றியது. 1979 மார்ச் 28 ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள திறீ மைல் ஐலன்ட் அணுமின் நிலையத்தில் அமுக்கத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கோ, வால்வை மூடும்படி கட்டளை சென்றது என்பதை மட்டுமே காட்டியது. அது மூடியதா என்பதைக் காட்டவில்லை. நீர் வெளியேறிக்கொண்டிருக்க, நீர் மிகுந்துவிட்டது எனக் கருதிய பணியாளர் அவசர நீர்வரவைக் குறைத்தனர். உலையின் உட்பகுதி உருகத் தொடங்கிற்று. சாள்ஸ் பெறோ என்னும் சமூகவியலறிஞர் 1984 இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்து, உறுப்புக்கள் எதிர்பாராதவாறு ஒன்றையொன்று தாக்குவதும், இடைவெளியின்றி இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதும் ஒருங்கே அமைந்த தொகுதிகளில் விபத்து இயல்பாகவே நிகழும் என்றார். ஆழ்ந்த கருத்து இது. பணியாளரின் தவறு எனக் கூறி ஏட்டை மூடிவிடும் வழக்கத்துக்கு இது நல்ல மறுப்பு.

ஆயின் இக்கருத்தை வேறு வகையாகவும் பயன்படுத்தலாம். “தொகுதி சிக்கலானது, எனவே எவர்மீதும் குற்றமில்லை” என்று கூறி மேலிருப்போர் ஒதுங்கிக்கொள்ளலாம். இவ்விடத்தில் ஒன்றை மறத்தலாகாது. 1977 செப்டெம்பரில் ஒகாயோ மாநிலத்திலுள்ள டேவிஸ் பெஸ் நிலையத்தில் அதே வகையான வால்வு அதேபோலத் திறந்து நின்றது. அங்கும் பணியாளர் அதேபோல மயங்கினர். நல்வேளையாக அங்கு உலை அப்போது குறைந்த வலுவில் இயங்கிக்கொண்டிருந்தமையாற் கேடு நேரவில்லை. உலையை அமைத்த நிறுவனத்தின் பொறியியலாளர் சிலர் இவ்வாபத்தை எழுத்தில் எடுத்துரைத்தும் இருந்தனர். அவ்வறிவு திறீ மைல் ஐலன்ட் பணியாளரைச் சென்றடையவில்லை. வால்வு பழுதாவதை எவரும் முன்கூட்டிக் கூற இயலாதிருக்கலாம். ஆயின் ஓரிடத்திற் கற்ற பாடம் மற்றோரிடத்துக்குச் செல்லும் வழியை அமைப்பது மனிதரின் கடமை; அவ்வழி அமைக்கப்படவில்லை. சிக்கல் என்பது இக்கடமையினின்றும் எவரையும் விடுவிப்பதில்லை.

அங்ஙனமாயின் சிக்கலியலிற் கொள்ளத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு. அதன் உறுதியான பகுதி 1990 ஆம் ஆண்டுகளின் ஆரவாரத்துக்கு முந்தியது. ஆங்கிலேய அறிஞரான றொஸ் அஷ்பி 1956 இல் தமது நூலில் விளக்கிய ‘வேண்டிய பல்வகைமை விதி’ அதன் அத்திவாரம். புறத்தேயிருந்து பத்து வகையான இடர்கள் வருமாயின், அவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பரிகாரம் வேண்டுமாயின், மூன்று பரிகாரங்களை மட்டும் அறிந்தவனால் அவற்றை அடக்க இயலாது. இஃது உவமையன்று, எண்ணிக்கையால் நிறுவத்தக்க விதி. தனியொரு தலைவனின் மூளை எத்துணைக் கூர்மையுடையதாயினும் ஆயிரவர் எதிர்ப்படும் நிலைமைகளின் பல்வகைமைக்கு ஈடாகாது. ஆகவே, முடிவெடுக்கும் உரிமையைப் பலரிடையே பகிர்தல் தலைவன் இரங்கி அளிக்கும் கொடையன்று, தேவை.

இவ்விதியை நாடளவிற் செயற்படுத்த முயன்றவர் ஸ்ராபோர்ட் பீயர். சில்லி நாட்டின் அயெண்டே அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று 1971 இல் அங்குச் சென்ற அவர், அரசுடைமையான ஆலைகளைத் தொலையச்சுப் பொறிகளால் இணைக்கும் ‘சைபர்சின்’ என்னும் திட்டத்தை வகுத்தார். இன்றும் நூல்களிற் படமாக இடம்பெறுவது ஏழு நாற்காலிகள் கொண்ட அதன் கட்டுப்பாட்டு அறையே. ஆயின் 1972 ஒக்டோபரில் பாரவண்டி உரிமையாளரின் வேலைநிறுத்தம் நாட்டை முடக்க முயன்றபோது கைகொடுத்தது அவ்வறையன்று. எவ்விடத்தில் என்ன பண்டம் உண்டு, எந்த வீதி திறந்துளது என்பதை உடனுக்குடன் தெரிவித்த தொலையச்சு வலையே. 1973 செப்டெம்பர் 11 ஆம் திகதி இராணுவப் புரட்சியோடு அரசாங்கமும் திட்டமும் ஒருங்கே அழிந்தன. அறிவு செல்லும் வழி நிறுவனத்துக்கு எத்துணை வலிமை தரும் என்பதையும், அரசியற் பகையைத் தீர்க்க அவ்வழி மட்டும் போதாது என்பதையும் அவ்விரண்டாண்டு வரலாறு ஒருசேரக் காட்டுகிறது.

எனினும், தன்னொழுங்கமைவை ஆதரிப்போர் தமக்குச் சிறந்த சான்றாகக் காட்டத்தக்கது யப்பானில் நிகழ்ந்தது. 1997 பெப்ரவரி 1 ஆம் திகதி அதிகாலையில் கரியா நகரிலுள்ள அய்சின் நிறுவனத்தின் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. ரொயோட்டா மோட்டார் வண்டிகளின் தடுப்புக்கருவியில் அமுக்கத்தைப் பகிரும் சிறிய வால்வு ஒன்றை ஏறக்குறைய முழுவதாக வழங்கி வந்தது அத்தொழிற்சாலையே. வேண்டும்போது வேண்டிய அளவே வருவிக்கும் முறையைக் கையாண்ட ரொயோட்டாவிடம் கையிருப்பு மிகச் சொற்பம். நாளொன்றுக்குப் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ஆக்கிய ஆலைகள் சில நாட்களுள் ஏறக்குறைய முற்றாக ஓய்ந்தன. பின்னர் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. ஏறத்தாழ 200 நிறுவனங்கள் உதவிக்கு வந்தன. அவற்றுள் அறுபதுக்கு மேற்பட்டவை அவ்வால்வைத் தாமே செய்யத் தொடங்கின. தையற்பொறி செய்யும் பிரதர் நிறுவனம் அதற்குமுன் மோட்டார் வண்டியின் உறுப்பு எதனையும் செய்து அறியாதது, அதுவும் செய்தது. விலை, இழப்பீடு, தொழினுட்ப உரிமை என்பன பற்றிப் பேரம் பேசுவதற்கு எவரும் நேரத்தைச் செலவிடவில்லை. ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடிய காலத்துள் நாளாந்த உற்பத்தி 14,000 வண்டிகளை அண்மிற்று.

விரிவான ஆணைகளை இட்டு இதனை நடத்திய தனித் தலைவன் எவனும் இலன் என்பது உண்மையே. இதனாற் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் எங்கும் இவ்வாறே நிகழும் என்று முடிவு செய்யலாமா? இயலாது. அந்நிறுவனங்கள் நெடுங்காலமாக ஒன்றோடொன்று பழகியவை. ஒருவர் தொழிற்சாலைக்கு மற்றவரின் பொறியியலாளர் சென்று குறைகளைத் திருத்துவது அங்கு வழக்கம். பிரச்சினை ஒன்றை எவ்வாறு பகுத்து ஆராய்வது என்பதில் யாவரும் ஒரே பயிற்சியைப் பெற்றிருந்தனர். உதவியவன் பின்னர்க் கைவிடப்படான் என்னும் நம்பிக்கை நடைமுறையால் உறுதிப்பட்டிருந்தது. தீயணைந்த ஒரு கிழமையிற் கண்ட ஒழுங்கு, பல்லாண்டுகளாக இட்ட பசளையின் விளைவு. விதைத்தவன் கண்ணிற் படாமையால் விதையாது விளைந்தது என்று கூறுவோமா?

இந்நிகழ்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. உயிர்நாடி போன்ற உறுப்பு ஒன்றை ஒரே ஆலையிடம் ஒப்படைத்ததும், கையிருப்பை எல்லையின்றிக் குறைத்ததும் மனிதர் செய்த முடிவுகளே. பெறோ கூறிய இறுகிய பிணைப்பை அம்முடிவுகளே உண்டாக்கின. ஆகவே, ஆபத்தை உண்டாக்கிய அமைப்பும் ஆபத்தினின்றும் மீட்ட அமைப்பும் ஒரே கைகளால் ஆக்கப்பட்டவை. பழைய முகாமைத்துவம் விளைவை ஆணையிட்டுப் பெறலாம் என்று கருதிற்று, அது தவறு. புதிய முகாமைத்துவத்தின் ஒருசாரார் விளைவு தானே வரும் என்று கருதுகின்றனர், அதுவும் தவறே. சிக்கலியல் முகாமையாளனின் பொறுப்பைக் குறைப்பதில்லை. அப்பொறுப்பின் இடத்தை மாற்றுகின்றது. விளைவுக்கு ஆணையிடும் நிலையினின்றும் விளைவு பிறக்கும் நிலைமைகளை ஆக்கிக் காக்கும் நிலைக்கு அது நகர்கின்றது. இந்நிலை முன்னையதிலும் எளிதன்று, அரிது. ஏனெனில் ஆணையிட்டவன் தன் ஆணையைக் காட்டித் தப்பலாம்; நிலைமையை ஆக்கவேண்டியவன் அது ஆக்கப்படாமையை எதனைக் காட்டி மறைப்பான்?

இன்னுமொன்றைக் கூறுதல் வேண்டும். நிறுவனத்தில் நிகழ்வன யாவும் சிக்கலானவையல்ல. டேவ் ஸ்நோடனும் மேரி பூனும் 2007 இல் எழுதிய கட்டுரையில் நிலைமைகளை எளியன, நுட்பம் மிக்கன, சிக்கலானவை, குழம்பியவை என வேறுபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அணுகுமுறை வேண்டும் என்றது இவ்வகையிற் பயனுடையது. எல்லைகள் எப்போதும் அவ்வளவு தெளிவாக அமைவதில்லை; எனினும் வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நன்று. சத்திரசிகிச்சைக்கென உலக சுகாதார தாபனம் 2008 இல் வெளியிட்ட பத்தொன்பது அமிசங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளிற் செய்யப்பட்டு 2009 இல் வெளிவந்த ஆய்வின்படி, அது கையாளப்பட்டபின் சத்திரசிகிச்சை பெற்றோருள் மருத்துவமனையில் இறந்தோரின் வீதம் நூற்றுக்கு 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. இது கண்டிப்பான விதிமுறை. ரெயிலர் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆயின் அப்பட்டியலை உற்று நோக்குமிடத்து, அதன் அமிசங்களுள் ஒன்று, கத்தி வைப்பதற்குமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் மற்றவர்க்குக் கூறுதல் வேண்டும் என்பதாகும். பெயர் கூறி ஒருமுறை வாய்திறந்த தாதி, தவறு கண்டவிடத்து மீண்டும் வாய்திறக்கத் தயங்காள். மனிதர் பேசுவதற்கு இடம் செய்வதற்காகவே ஒரு விதி இடப்பட்டிருக்கிறது. விதியும் சுதந்திரமும் ஒன்றுக்கொன்று பகை என்னும் எண்ணம் இங்கு உடைந்துபோகிறது.

இவற்றை நோக்குமிடத்து, சிக்கலியலின் பெயராற் கூறப்படும் எந்த முகாமைத்துவப் போதனையையும் சில வினாக்களால் உரைத்துப் பார்த்தல் தகும். அது கூறுவது அளக்கத்தக்கதா, உவமை மட்டுமா? உவமையாயின், மனிதன் விதியை அறிந்து நடப்பவன் என்பதை அது மறந்துவிடவில்லையா? எங்கு எது இறுகப் பிணைந்துளது, எங்கு நெகிழ்வு வைக்கப்பட்டுளது என்பதை அது காட்டுகிறதா? கீழிருப்போன் கண்ட உண்மை மேலே செல்லவும், ஓரிடத்துப் பாடம் மற்றோரிடத்தை அடையவும் வழி கூறுகிறதா? கேடு நேர்ந்தவிடத்து, தொகுதியைக் குறை கூறுவதோடு நின்றுவிடாது, அத்தொகுதியை அவ்வாறு அமைத்தவர் யார் என்றும் கேட்கிறதா? இவ்வினாக்களுக்கு விடையிறுக்கும் போதனையை ஏற்கலாம். விடையிறுக்காதது, அறிவியலின் உடையை இரவல் வாங்கி உடுத்த பழைய அறிவுரையே.

நம் கோயில்களில் தேரிழுப்பதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். வடம் பிடிப்போர் ஆயிரவர். அவர் ஒவ்வொருவரின் கைக்கும் ஆணையிடுவோர் எவருமில்லை. எனினும் சில்லின் அருகே கட்டையோடு குனிந்து நிற்பவர் சிலர் உளர். அவர்கள் தேரை இழுப்பதில்லை. வடத்தை இழுப்போர்க்கு அவர் முகங்கூடத் தெரிவதில்லை. தேர் மூலை திரும்புவதும், ஓடாது நிற்பதும் அவர்தம் கையில் உள்ளன. தேர் தடம் மாறினால், கூட்டம் பெரிது என்று கூறி அவர் விலகிவிட முடியுமா? நிறுவனங்களை நடத்த முன்வருவோர்க்குச் சிக்கலியல் காட்டும் இடம் அதுவே.